அம்மா போனில் அழுகிறார், அங்கே ‘நல்லா இருக்காங்க’ என்கிறார்கள்: எதை நம்புவது?

கேள்வி: அம்மாவுக்கு 79 வயது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சீனியர் லிவிங் குடியிருப்பில் சேர்த்தோம். சர்க்கரை, பிரஷர், தைராய்டு மூன்றும் உண்டு. காது கொஞ்சம் மந்தம். தினமும் சாயங்காலம் போன் செய்து, “என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு” என்று அழுகிறார். அங்கே விசாரித்தால், “நல்லா சாப்பிடுறாங்க, எல்லார்கூடவும் பேசுறாங்க” என்கிறார்கள். உடனே கூட்டி வந்துவிடலாம் என்கிறார் அண்ணன். யாரை நம்புவது, நான் என்ன செய்வது?

பதில்: இரண்டு தரப்பும் உண்மையே சொல்லலாம். அவர்கள் பார்ப்பது காலை பதினோரு மணி அம்மாவை, நீங்கள் கேட்பது மாலை ஆறரை மணி அம்மாவை. பகலில் ஆள் நடமாட்டமும் பேச்சுத்துணையும் இருக்கும். பொழுது சாயும்போது உடம்பு களைத்து, அறைக் கதவு சாத்தப்பட்டு, தனிமை வந்து உட்காரும். மறதி நோய் தொடங்கியவர்களுக்கு அந்த நேரத்தில் படபடப்பும் குழப்பமும் கூடுவது மருத்துவர்கள் நன்கறிந்த விஷயம். மறதியே இல்லாதவர்களும் நாள் முழுக்க அடக்கி வைத்ததைப் பெற்ற பிள்ளையிடம்தான் இறக்கி வைப்பார்கள். எனவே யாரை நம்புவது என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அம்மாவின் உடம்பு, அவர் அறை, அங்குள்ள பதிவேடு மூன்றும் என்ன சொல்கின்றன என்று நீங்களே பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முதல் வேலை, போன் நேரத்தை மாற்றுவது. பத்து நாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் நீங்களே கூப்பிடுங்கள். சாயங்கால அழைப்பையும் எடுங்கள், தவிர்க்க வேண்டாம். இரண்டிலும் அம்மா சொன்னதை அவர் வார்த்தையிலேயே தேதி, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். “அங்கே என்னம்மா கஷ்டம்?” என்று கேட்டால் “எல்லாமேதான்” என்றுதான் பதில் வரும். “ராத்திரி எத்தனை தடவை எழுந்தேம்மா? பெல் அடிச்சதும் யார் வந்தாங்க? மத்தியானம் உன் பக்கத்துல யார் உட்கார்ந்து சாப்பிட்டாங்க?” என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். பத்து நாள் குறிப்பைச் சேர்த்துப் படித்தால், ‘வீட்டுக்குப் போகணும்’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் என்ன இருக்கிறது என்று பிடிபடும். அது வீட்டைப் பிரிந்த ஏக்கமாக இருக்கலாம், அங்கே உண்மையிலேயே இருக்கும் ஒரு குறையாக இருக்கலாம், கண்டுபிடிக்கப்படாத நோயாகவும் இருக்கலாம்.

நோயை முதலில் விலக்கிவிட வேண்டும், ஏனென்றால் அது மட்டும்தான் காத்திருக்காது. சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் பேச்சு குழறுவது, ஆளை மாற்றிச் சொல்வது, பகலெல்லாம் தூங்கி வழிவது போன்ற திடீர் மாற்றம் தெரிந்தால் “வயசாயிடுச்சு” என்று விட்டுவிடாதீர்கள். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வளரும். திடீர்க் குழப்பத்துக்குப் பின்னால் சிறுநீர்த் தொற்று, நிமோனியா, கடும் மலச்சிக்கல், உடம்பில் நீர் வற்றுவது, ரத்தத்தில் சோடியம் குறைவது, புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். முகமோ கையோ ஒரு பக்கம் தளர்ந்து பேச்சும் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கத்தி ரகளை செய்பவரை எல்லோரும் கவனிப்பார்கள். குழப்பத்தில் சத்தமில்லாமல் ஒடுங்கிப் போகிறவரை ‘தொந்தரவே இல்லை, அமைதியா இருக்காங்க’ என்று குறித்துவிடுவதுதான் ஆபத்து. இந்த வகை நிறையத் தவறவிடப்படுகிறது. எந்தத் திடீர் மாற்றமானாலும் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும்.

மனச்சோர்வும் நோய்தான். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து அழுகை, பசியின்மை, விடியுமுன்னே விழிப்பு, பிடித்த எதிலும் நாட்டமில்லாமை இருந்தால், முதியோருக்கென்றே உள்ள 15 கேள்வி மனச்சோர்வு அளவுகோலைப் போட்டுப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். 5 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுப் பரிசோதனை தேவை. மாத்திரை ஆரம்பித்தால் முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். இவற்றில் சில முதியவர்களுக்கு சோடியத்தைக் குறைக்கும். ஆகவே தொடங்கிய சில வாரத்துக்குள் ஒரு ரத்தப் பரிசோதனைக்கும் சொல்லி வையுங்கள்.

இனி, நேரில் போவது. ஞாயிறு காலை பதினோரு மணிக்கு எல்லாக் குடும்பமும் வரும், எல்லா இடமும் பளிச்சென்று இருக்கும். நீங்கள் ஒரு தடவை இரவுச் சாப்பாட்டு நேரத்திலும், ஒரு தடவை வார நாளில் காலை குளிக்கும் நேரத்திலும் போங்கள். போனதும் பேச்சுக்கு முன்னால் கண்ணுக்கு வேலை கொடுங்கள். தண்ணீர் டம்ளர் கட்டிலிலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா? நாக்கு வறண்டிருக்கிறதா? வயதானவர்களுக்குத் தாக உணர்வு மங்கிவிடும். கேட்டால்தான் தருவோம் என்று இருந்தால் அவர்கள் கேட்கவே மாட்டார்கள். இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ மருத்துவர் அளவு வைத்திருந்தால் தவிர, பெண்களுக்கு ஒரு நாளைக்கு சுமார் 1.6 லிட்டர் திரவம் உள்ளே போக வேண்டும். அழைப்பு மணி கட்டிலருகிலும் பாத்ரூமிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பாத்ரூம் மணியின் கயிறு தரையில் விழுந்து கிடப்பவர் கைக்கும் எட்ட வேண்டும். எட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்டியிருந்தால் அது இல்லாததற்குச் சமம். ஒரு தடவை அழுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள்.

பிறகு குதிகாலையும், உட்காரும் இடத்து எலும்புப் பகுதியையும் பாருங்கள். தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டு மறுபடி நிறம் வந்தால் பயமில்லை. அழுத்தியும் நிறம் மாறவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. மாநிறத்திலும் கறுத்த தோலிலும் இந்தச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக, கெட்டியாக, கருமை கூடி இருக்கிறதா என்று புறங்கையால் தடவிப் பாருங்கள்.

மாத எடைப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். ‘நல்லா சாப்பிடுறாங்க’ என்பது அபிப்பிராயம், எடைதான் கணக்கு. ஒரு மாதத்தில் 5 சதவீதம், மூன்று மாதத்தில் 7.5, ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் அது சாதாரண இளைப்பு அல்ல. அம்மா 50 கிலோ என்றால் ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ. எடை குறைந்தால் பல்செட்டைப் பாருங்கள். உடம்பு இளைத்தால் பல்செட் தளரும். தளர்ந்தால் மெல்லும்போது வலிக்கும், வலித்தால் தட்டை ஒதுக்குவார், இன்னும் இளைப்பார்.

காது மந்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அழுகையில் பாதிக்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். பொதுச் சாப்பாட்டு அறையில் நாலு பேர் பேசுவது புரியாவிட்டால் யாரும் தன்னை மதிக்கவில்லை என்றுதான் தோன்றும். ஹியரிங் எய்ட் இருந்தால் கழற்றி, ஆன் செய்தபடியே உள்ளங்கையில் மூடிப் பிடியுங்கள். பெரும்பாலானவை கீச்சென்று கத்தும். கத்தவில்லை என்றால் பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது ஒலி வரும் சின்னத் துளையைக் காதழுக்கு அடைத்திருக்கும். பட்டன் பேட்டரி வகையானால் அளவை நிறத்தை வைத்துச் சொல்லலாம்: 312 பழுப்பு ஸ்டிக்கர், 13 ஆரஞ்சு. ஸ்டிக்கரை உரித்ததும் உடனே மூடாமல் சில நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போட வேண்டும்; காற்றுப் பட்டால்தான் அது முழுசாக வேலை செய்யத் தொடங்கும். இரவில் பேட்டரி மூடியைத் திறந்து வைக்க வேண்டும். இத்தனையையும் உதவியாளர் ஒருவர் கையில் உங்கள் முன்னால் ஒரு தடவை செய்ய வைத்துப் பாருங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் நடக்காது.

அடுத்தது மாத்திரை. சிக்கல்கள் அதிகம் வருவது இங்கேதான். வீட்டில் அம்மாவின் உடம்புக்கேற்ற நேரத்தில் மாத்திரை போயிருக்கும். அங்கே முப்பது பேருக்கும் ஒரே சுற்றில் கொடுப்பார்கள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போக வேண்டும். மற்றதோடு சேர்த்து, குறிப்பாகக் கால்சியம், இரும்பு மாத்திரைகளோடு கொடுத்தால் சரியாக உறிஞ்சப்படாது. இன்சுலின் போட்ட பிறகு சாப்பாடு தாமதமானால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம், குழப்பம் வரும். வாரம் ஒரு முறை போட வேண்டிய மாத்திரை தினசரிப் பட்டியலில் ஏறிவிடுவது இன்னொரு தவறு. மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் போன்றவற்றில் அது உயிருக்கே ஆபத்து. கிழமையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். விழுங்கக் கஷ்டம் என்று மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே மூச்சில் உள்ளே போகும்.

ஒரு தாளில் மருந்தின் மூலப்பெயர், பிராண்டு பெயர், டோஸ், நேரம், எதற்காக என்று ஐந்து கட்டம் போட்டு எழுதி, அங்குள்ள பதிவேட்டோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். மருத்துவமனைக்குப் போய்வந்த பிறகு கட்டாயம் இதைச் செய்யுங்கள். பழைய பிராண்டும் புதிய பிராண்டும் ஒரே மருந்தாக இருந்து இரண்டும் சேர்ந்து போவது அப்போதுதான் நடக்கிறது. புதிதாகத் தூக்க மாத்திரையோ, சளிக்கும் அரிப்புக்கும் தரும் குளோர்பெனிரமின் வகையோ சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் காரணம் கேளுங்கள். வயதானவர்களுக்கு அவை மந்தம், குழப்பம், விழுதல் மூன்றையும் கொண்டுவரும். ஆனால் எதையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிட வேண்டாம்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் என்பதால் ஒரு சோதனை. ஐந்து நிமிடம் படுக்க வைத்துப் பிரஷர் பார்த்து, எழுந்து நின்ற ஒன்றாவது, மூன்றாவது நிமிடங்களில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், இரவில் பாத்ரூமுக்கு எழும்போது விழுவதற்கு வழி இருக்கிறது. மருந்தளவை மருத்துவர் பார்க்க வேண்டும். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் இடையே இரவு விளக்கு வேண்டும்.

குறை இருந்தால் எப்படிச் சொல்வது? பத்துக் குறையை ஒரே மூச்சில் கோபமாகக் கொட்டினால் ஒன்றும் நடக்காது. ஒரு குறை, அது நடந்த தேதி, என்ன மாற வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். குடும்பத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். நீங்கள் ஒன்று, அண்ணன் ஒன்று சொன்னால் எதைச் செய்வது என்று அவர்களுக்கே தெரியாது. இரவுப் பணியில் இருப்பவரிடம் பெயர் சொல்லி இரண்டு வார்த்தை பேசுங்கள். அம்மாவின் ராத்திரி எப்படிப் போகிறது என்று தெரிந்தவர் அவர்தான்.

இவ்வளவும் பார்த்து உடம்பும் பராமரிப்பும் சரியாக இருந்தால், மிச்சம் ஏக்கம். அது பொய்யான துக்கம் அல்ல, அதற்கு மாதங்கள் ஆகும். “அடுத்த மாசம் கூட்டிட்டுப் போறேன்” என்று சமாதானத்துக்குச் சொல்லாதீர்கள். அவர் நாள் எண்ணிக்கொண்டிருப்பார். “அங்க எல்லாம் நல்லாத்தானே இருக்கு” என்று வாதாடவும் வேண்டாம். “வீட்டு ஞாபகம் வருதாம்மா?” என்று கேட்டு அவரைப் பேச விடுங்கள். அவர் தினமும் தொட்டுப் புழங்கிய ஒரு நாற்காலி, ஒரு போர்வை அந்த அறைக்கு வரட்டும். கிளம்பும்போது சொல்லாமல் நழுவிவிடாமல், சாப்பாடு தொடங்கும் நேரத்தில், அடுத்து வரும் நாளைக் காலண்டரில் வட்டமிட்டுக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

சில விஷயங்களில் மட்டும் அண்ணன் சொல்வதுபோல் காத்திருக்காமல் கூட்டி வர வேண்டும்: மேல்கையில் விரல் பதிந்த மாதிரிக் கன்றிய தடம், ஒரு குறிப்பிட்ட ஆள் உள்ளே வந்ததும் அம்மா உடல் குறுகுவது, கட்டி வைத்த தடம், உங்களைக் கேட்காமல் மயக்க மருந்து, விழுந்ததையோ மருந்து மாறியதையோ மறைத்தது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தேதியோடு படம் எடுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள், எழுத்தில் புகார் கொடுங்கள்.

அப்படி எதுவும் இல்லாமல், மனசு கேட்காமல்தான் கூட்டி வர நினைக்கிறீர்கள் என்றால், முதலில் அண்ணனும் நீங்களும் ஒரு தாளில் 24 மணி நேரத்தையும் கட்டம் போடுங்கள். இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்தால் கூட நடப்பவர் யார், இன்சுலின் போடுபவர் யார், பகலில் பேச்சுத்துணை யார், அந்த ஆள் காய்ச்சலில் படுத்தால் மாற்று யார் என்று ஒவ்வொரு கட்டத்திலும் பெயர் எழுதுங்கள். எல்லாக் கட்டமும் நிரம்பினால் தயங்காமல் கூட்டி வாருங்கள். இரவுக் கட்டங்கள் காலியாக இருந்தால் அந்தத் தாளை அண்ணனிடமே கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள்.