இன்டர்னல் தேர்வுக்கும் கூடுதல் நேரம் உண்டு

கேள்வி: அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் வரலாற்றுத் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். முதலாமாண்டில் பார்வையற்ற மாணவி ஒருவர் படிக்கிறார். இரண்டாமாண்டில் ஒரு மாணவர்; பைக் விபத்தில் வலது தோள் நரம்பு அடிபட்டு, பத்து நிமிடம் எழுதினாலே கை ஓய்ந்துவிடுகிறது. அவருடைய மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் குறைபாடு 30 சதவீதம் என்று இருக்கிறது. செமஸ்டர் தேர்வில் மாணவிக்கு ஸ்கிரைப் (சொல்வதை எழுதுபவர்) தருகிறார்கள். இன்டர்னலில் கூடுதல் நேரம் கேட்டால் ‘அதற்கெல்லாம் ஆர்டர் இல்லை’ என்கிறார் துறைத்தலைவர். மாணவருக்கு 40 சதவீதம் இல்லாததால் எதுவுமே கிடையாதாம். வகுப்பில் சிலர் ‘ஓரவஞ்சனை’ என்று முணுமுணுக்கிறார்கள். நானாக ஏதாவது செய்யப்போய் எனக்கு மெமோ வந்தால்? சட்டப்படி நான் எதுவரை போகலாம்? அடுத்த இன்டர்னலுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.

பதில்: முதலில் அந்த 40 சதவீதக் கணக்கை முடித்துவிடுவோம். ஏனென்றால் கல்லூரிகளில் பாதிச் சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இல் 40 சதவீதம் என்ற எல்லை எதற்கு வருகிறது? பெரும்பாலும் இடஒதுக்கீட்டுக்கு. உயர்கல்வியில் 5 சதவீத இடம் தரும் 32-வது பிரிவு அப்படிப்பட்டது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், பாடத்திட்ட மாற்றம் ஆகியவற்றைப் பேசுவது 17-வது பிரிவு. அங்கே ‘மாற்றுத்திறனாளி மாணவர்கள்’ என்றுதான் இருக்கிறதே தவிர, சதவீதம் எதுவும் இல்லை. இன்டர்னல், செமஸ்டர் என்ற பிரிவினையும் இல்லை. ‘தேர்வு முறை’ என்று பொதுவாகச் சொல்கிறது. உங்கள் துறைத்தலைவர் தேடும் ‘ஆர்டர்’ பாராளுமன்றம் போட்டதாகவே இருக்கிறது.

இது என் வியாக்கியானம் மட்டும் இல்லை. கை எழுத வராத நிலை கொண்ட சிவில் சர்வீஸ் தேர்வர் ஒருவருக்கு, 40 சதவீதம் இல்லை என்று ஸ்கிரைப் மறுத்தார்கள். விகாஷ் குமார் எதிர் யூ.பி.எஸ்.சி. என்ற அந்த வழக்கில் 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம், ஸ்கிரைப் வசதியை 40 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களோடு நிறுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. உங்கள் மாணவருக்கு இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்துகிறது. அதன் பிறகு மத்திய அரசு 2022 ஆகஸ்ட் 10 அன்று, 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் எழுதச் சிரமப்படுபவர்களுக்கென்றே தனி வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. எழுதுவதில் சிரமம் உண்டு என்று அரசு மருத்துவமனைச் சான்று ஒன்று வேண்டும். அதை மாணவர் இப்போதே வாங்கட்டும். 30 சதவீதச் சான்றிதழில் எழுதும் திறன் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் இருக்கலாம்.

நேரம் எவ்வளவு? மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல். 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான 2018 நெறிமுறையும் இதையேதான் சொன்னது. உங்கள் இன்டர்னல் இரண்டு மணி நேரம் என்றால் 40 நிமிடம்.

‘இன்டர்னல்தானே, பத்து மார்க்தானே’ என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு வழக்கைச் சொல்கிறேன். 2021 நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா (எழுதுவதைக் கடினமாக்கும் குறைபாடு) உள்ள ஒரு மாணவிக்கு உரிய ஒரு மணி நேரக் கூடுதல் அவகாசத்தைத் தேர்வு மையம் தரவில்லை. அவ்னி பிரகாஷ் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். உச்ச நீதிமன்றம் தேசியத் தேர்வு முகமையைக் கண்டித்தது, நடந்த அநீதியைச் சரிசெய்ய வழி பார்க்கச் சொன்னது. ஆனால் மறுதேர்வு நடத்த உத்தரவிடவில்லை. தேர்வறையில் பிடுங்கிய நேரத்தை உச்ச நீதிமன்றத்தாலும் முழுதாகத் திருப்பித் தர முடியாது. ஆகவே இந்த வேலை தேர்வுக்கு முன்னால் நடக்க வேண்டியது.

சரி, உங்கள் கையில் என்ன இருக்கிறது? இதை நான் இரண்டாகப் பிரிப்பேன். தேர்வு நேரம், ஸ்கிரைப், தனி அறை, வினாத்தாள் மாற்றம் இவை தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் முதல்வரும் எழுத்தில் தர வேண்டியவை. இவற்றை நீங்கள் தனியாக வாய்மொழியாகச் செய்தால், மெமோவைவிட வேறு ஆபத்து உண்டு: யாராவது புகார் சொன்னால் மாணவரின் மதிப்பெண்ணே கேள்விக்குள்ளாகும்.

மற்றபடி வகுப்பறைக்குள் நடப்பதில் பெரும்பகுதிக்கு யார் அனுமதியும் வேண்டாம். கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவதற்கு எந்த ஆர்டரும் தேவையில்லை. ‘இந்த வரைபடத்தில் இங்கே பாருங்கள்’ என்பதற்குப் பதில் ‘காவிரி டெல்டாவிலிருந்து தென்மேற்கே மதுரைப் பக்கம்’ என்று சொன்னால் வகுப்பு முழுவதற்கும் நல்லது. நோட்ஸை முந்தின நாளே அனுப்புங்கள். ஆனால் எப்படி அனுப்புகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். மொபைலில் போட்டோ எடுத்துப் பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் பெரும்பாலும் அதில் ஒரு எழுத்தைக்கூடப் படிக்காது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்த கோப்பும் அப்படித்தான், உளறிக் கொட்டும். யூனிகோடில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பு இருந்தால் போதும். பல துறைகளில் பத்து வருட நோட்ஸ் பாமினியிலேயே கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

புத்தகத்தை ஸ்கேன் செய்து மாணவிக்குக் கொடுத்தால் காப்புரிமைப் பிரச்சினை வருமோ என்று பல ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். வராது. 2012-இல் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில் ஒரு விலக்கு சேர்த்தார்கள். மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவில் ஒரு நூலை மாற்றிக் கல்விக்காக அவர்களிடம் கொடுப்பது மீறல் ஆகாது. அந்த மாணவிக்குக் கொடுங்கள். முழு வகுப்புக் குரூப்பிலும் போடாதீர்கள், விலக்கு அதற்கில்லை. வகுப்பை ஒலிப்பதிவு செய்ய அவர் கேட்டால், சொந்தப் படிப்புக்கு மட்டும் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு அனுமதியுங்கள்.

ஓரவஞ்சனை என்று முணுமுணுப்பவர்களுக்கு என்ன சொல்வது? தகவமைப்பு, அதாவது தேவைக்கேற்ப ஏற்பாடு செய்து தருவது, என்றால் மார்க் போடுவது இல்லை. அதே வினா, அதே விடைக்குறிப்பு, அதே தேர்ச்சி மதிப்பெண். விடை தப்பென்றால் அந்த மாணவியும் பெயில்தான். அதில் தயவு காட்ட வேண்டாம், அவரும் கேட்டிருக்க மாட்டார். வரைபடத்தில் இடம் குறிக்கும் கேள்விக்கு மட்டும் பார்வையற்றவருக்கு மாற்றுக் கேள்வி வேண்டும். அது அதே கடினத்தில், அதே மதிப்பெண்ணில் இருக்கட்டும். ஆனால் இந்த விளக்கத்தை வகுப்பில் அந்த இருவரையும் சுட்டிச் சொல்லாதீர்கள். யாருக்கு என்ன குறைபாடு, எத்தனை சதவீதம் என்பது அவர்களுடைய அந்தரங்கம். பலர் முன்னிலையில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92-வது பிரிவில் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை உண்டு. ‘ஜோக்காகச் சொன்னேன்’ என்பவர்களுக்காக நான் வாதாடியிருக்கிறேன். சங்கடமான வழக்குகள் அவை.

மெமோ விஷயம். அதே சட்டத்தின் 2-வது பிரிவின் வரையறைப்படி நியாயமான தகவமைப்பை மறுப்பதே பாகுபாடுதான். நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமை என்று காட்டினால் மட்டுமே விலக்கு. ஒரு காலி அறையும் 40 நிமிடமும் சுமை என்று எந்த முதல்வரும் எழுத்தில் தரமாட்டார் என்று நினைக்கிறேன். சட்டத்தை மீறினால் 89-வது பிரிவில் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் 50,000-க்குக் குறையாமல் 5 லட்சம் வரை. சட்டத்தை நிறைவேற்றுங்கள் என்று கடிதம் கொடுத்ததற்காக ஆசிரியருக்கு மெமோ வந்தால், அதற்குப் பதில் எழுதுவது சுலபம்.

ஆகவே வழக்கு, புகார் என்று இப்போதே போக வேண்டாம். இரண்டு மாணவர்களிடமும் தனியாகக் கேளுங்கள்: என்ன வேண்டும், யாரிடம் சொல்லலாம் என்று. பார்வையற்றவர் எல்லோரும் ஸ்கிரைப்தான் கேட்பார்கள் என்றில்லை. அவர் கம்ப்யூட்டரில் தானே தட்டச்சு செய்ய விரும்பலாம். அப்புறம் அவர்களே கையெழுத்திட்டு முதல்வருக்கு ஆளுக்கொரு விண்ணப்பம் கொடுக்கட்டும். நீங்கள் துறைத்தலைவர் வழியாக, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு நகல் வைத்து ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். அதில் மேலே சொன்ன 17-வது பிரிவு, 2021 தீர்ப்பு, மத்திய அரசின் நெறிமுறைகளில் இப்போது நடப்பில் உள்ளது, தேர்வுத் தேதி, எந்த அறை, யார் கண்காணிப்பு என்று எல்லாம் இருக்கட்டும். அதிகாரிகள் மறுப்பது பல நேரம் கெட்ட எண்ணத்தால் அல்ல. அறையும் ஆளும் யார் தேடுவது என்ற சோம்பலால்தான். தீர்வைச் சேர்த்தே கொடுத்தால் கையெழுத்து சீக்கிரம் விழும்.

அப்படியும் நகரவில்லை என்றால் மாணவர்கள் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் அனுப்பலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. ஆணையர் பரிந்துரை செய்தால், கல்லூரி என்ன நடவடிக்கை எடுத்தது என்று மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதம் உங்கள் இன்டர்னலுக்கு உதவாது. அவசரம் என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அதே கல்லூரியில் இன்னும் ஓரிரு வருடம் படிக்கப் போகிறவர்கள் அவர்கள்.

கடிதத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அலுவலகத்தில் உங்கள் நகலில் தேதியும் முத்திரையும் வாங்க மறக்காதீர்கள்.