துண்டு ஈரத்தை உறிஞ்சவில்லையா?
துண்டுக்கு மட்டும், துணியை மெத்தென்று ஆக்கும் கண்டிஷனர் ஊற்றுவதை நிறுத்துங்கள். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் போர்வெல் தண்ணீரில் துவைப்பதால் துண்டு மொரமொரப்பாகிறது, கண்டிஷனரைக் கூட்டி ஊற்றினால் ஈரத்தையே துடைக்க மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கண்டிஷனர் நூலின் மேல் மெல்லிய கொழுப்புப் படலமாக ஒட்டிக்கொள்கிறது, மெத்தென்று இருப்பதும் உறிஞ்சாமல் போவதும் இரண்டுமே அதனால்தான்.

மொரமொரப்புக்குக் காரணம் பெரும்பாலும் நம் கரையோரத்து உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து துணியில் தங்கிவிடும், கட்டிச் சோப்பு என்றால் இன்னும் மோசம்.

காய்ந்த துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு நின்றால் படலம் இருக்கிறது. அப்படியானால் வெந்நீரில் கொஞ்சம் சலவைத்தூள் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து நன்றாக அலசுங்கள், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி மழைத்தண்ணீரோ காவிரித் தண்ணீரோ கிடைத்தால் ரொம்ப நல்லது. அப்புறம் பலமாக உதறிக் காயப்போடுங்கள். ஒரே துவைப்பில் முழுதும் போகாது.

சட்டை, சேலைக்குக் கண்டிஷனர் தாராளமாகப் போடலாம், ஆனால் சோப்பு முழுக்கப் போன பிறகு கடைசித் தண்ணீரில்தான். சோப்போடு கலந்தால் இரண்டும் வீண், துணியில் பிசுபிசுவென்று திட்டுத்திட்டாக ஒட்டும்.