வாசகர் கேள்வி பதில்: கரிக்கு டாலர் கிடைக்குமா?

கேள்வி: எங்கள் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்கிறோம். இதே கரிக்கு ‘கார்பன் கிரெடிட்’ என்று டாலரில் பணம் வாங்கித் தருவதாக ஒருவர் வந்து போகிறார். பதிவுக் கட்டணம் மட்டும் முன்னால் கட்ட வேண்டுமாம். நம்பலாமா?
- ஒரு வாசகர், முதுகுளத்தூர்

பதில்: கட்டணம் கட்டாதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் சொல்வது முழுக்கக் கட்டுக்கதையும் இல்லை. கார்பன் கிரெடிட் என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைக் காற்றிலிருந்து அகற்றியதற்கோ, காற்றில் சேராமல் தடுத்ததற்கோ தரும் சான்று; தாங்கள் விடும் புகைக்கு ஈடு காட்டக் கம்பெனிகள் அதை வாங்குகின்றன. குஜராத்தில் இதே சீமைக்கருவேலத்தைக் கரியாக்கும் வராஹா என்ற இந்திய நிறுவனத்திடம், 2030-க்குள் 1 லட்சம் டன் கிரெடிட் வாங்க 2025 ஜனவரியில் கூகுள் ஒப்பந்தம் போட்டது.

ஆனால் அந்தப் பணம் கரிக்கு இல்லை, கரியை எரிக்காமல் மண்ணில் போடுவதற்கு. அப்படி மண்ணில் போடும் கரிக்குத்தான் பயோசார் என்று பெயர். மரம் காற்றிலிருந்து இழுத்த கார்பன் டை ஆக்சைடு, அது மட்கினாலும் எரிந்தாலும் திரும்பக் காற்றுக்கே போய்விடும். காற்று அதிகம் படாமல் சுட்டால் ஏறக்குறைய பாதி கரிமம் (கார்பன்), நுண்ணுயிர்கள் லேசில் தின்ன முடியாத கரியாக நின்றுவிடுகிறது. அமேசான் காட்டில் பழங்குடிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன் உண்டாக்கிய கரிமண் இன்றும் கறுப்பாகத்தான் இருக்கிறது. உங்கள் கரி எங்கோ ஒரு அடுப்பில் எரிந்துவிடுகிறது, அதற்கு ஒரு பைசா கிரெடிட் கிடையாது.

அப்புறம் புகை. மூட்டத்தின் துளைகளில் வருகிறதே வெள்ளைப் புகை, அதில் மீத்தேனும் உண்டு. 100 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு சூடேற்றும், அதனால் மண்ணில் போட்டுச் சம்பாதித்ததில் நல்ல பங்கைப் புகையே தின்றுவிடும். இதற்காகத்தான் 2014 வாக்கில் சுவிட்சர்லாந்தில் கோன்-டிக்கி என்ற கூம்பு அடுப்பைச் செய்தார்கள். மேலே திறந்த கூம்பு, உள்ளே தீ மூட்டி விறகை ஒரு அடுக்காகப் போடுவது, விறகின் மேல் லேசாகச் சாம்பல் பூக்க ஆரம்பித்ததும் அடுத்த அடுக்கு. மேலே எரியும் தீ, கீழிருந்து வரும் புகையையும் எரித்து, காற்று உள்ளே போகாமலும் தடுக்கும். நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டியதுதான்.

கணக்கு இப்படி: ஒரு டன் கரிமம் என்றால் 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு. கரியில் முக்கால் பங்கு கரிமம் இருந்தால் ஒரு டன் கரிக்குக் காகிதத்தில் 2.75 டன். வண்டி டீசல், புகை, காலப்போக்கில் மண்ணில் சிதைவது எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் கிரெடிட் தருவார்கள். ஆய்வகத்தில் ஹைட்ரஜனுக்கும் கரிமத்துக்கும் உள்ள அணு விகிதம் 0.7-க்குக் கீழே வர வேண்டும், இல்லாவிட்டால் சரியாகச் சுடவில்லை என்று அர்த்தம். வந்து போகிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: வெர்ரா, புரோ.எர்த் மாதிரி எந்தப் பதிவேட்டில் உங்கள் திட்டம் இருக்கிறது, எண் என்ன? அந்தப் பட்டியல்களை இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

கேள்வி: ரைஸ் மில் பாய்லரில் வரும் சாம்பலும் பயோசாரும் ஒன்றா? வயலில் போட்டால் மகசூல் கூடுமா?
- ஒரு விவசாயி, மன்னார்குடி

பதில்: ஒன்றில்லை. பாய்லரில் நன்றாக எரிந்த உமியில் மிச்சம் பெரும்பாலும் சிலிக்காதான். நம் பாட்டிமார் பல் தேய்த்த உமிக்கரி இதைவிடப் பயோசாருக்குக் கிட்டத்தில் வரும். மகசூல் மண்ணைப் பொறுத்தது. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, வெப்பமண்டல நிலங்களில் சராசரியாக 25 சதவீதம் கூடியதாகவும், மிதவெப்ப நாடுகளில் கூடவே இல்லை என்றும் சொன்னது. காரணம், கரி பொதுவாகக் காரத்தன்மை உள்ளது, அமிலத்தன்மை ஏறிய செம்மண்ணைச் சரிசெய்யும். உங்கள் நிலம் ஏற்கெனவே உவர் அடித்ததென்றால் மண் பரிசோதனை பார்க்காமல் கொட்டாதீர்கள்.

கேள்வி: இந்தக் கார்பன் கிரெடிட் எல்லாம் பெரிய கம்பெனிகள் காசு கொடுத்துப் பாவத்தைக் கழுவுகிற வேலைதானே?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: பாதி அப்படித்தான். உலகம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து ஆண்டுக்கு விடுவது சுமார் 3,700 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு. ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2022 அறிக்கையில் பயோசாரால் அதிகபட்சம் முடியும் என்று போட்ட நடு மதிப்பீடே ஆண்டுக்கு 260 கோடி டன்தான், செலவையும் பார்த்தால் 110 கோடி. எரிப்பதைக் குறைக்காமல் கரியை மட்டும் புதைத்தால் எங்கே போய் எட்டும்?

மறுபாதியையும் சொல்ல வேண்டும். ‘காட்டை வெட்டாமல் விட்டோம்’ என்று சில டாலருக்கு விற்கிற கிரெடிட்டில், வெட்டியிருப்பார்களா என்பதே ஊகம். கரியை எடை போடலாம், சோதிக்கலாம், எந்த வயலில் போட்டார்கள் என்று போய்ப் பார்க்கலாம். அதனால்தான் டன்னுக்கு 100, 150 டாலர் கொடுத்தும் வாங்குகிறார்கள். காற்றிலிருந்து நீண்ட காலத்துக்கு அகற்றியதாக இதுவரை உண்மையில் கைக்கு வந்த கிரெடிட்டுகளில் பெரும்பகுதி பயோசார்தான். அந்த 150 டாலரில் விறகு சுமந்தவருக்கு எவ்வளவு போகிறது என்பதைத்தான் நான் உற்றுப் பார்ப்பேன்.

கேள்வி: மாடித் தோட்டத் தொட்டியில் அடுப்புக்கரி போடலாமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: போடலாம். பொடித்து, தொழு உரத்தோடு கலந்து இரண்டு வாரம் ஈரமாக வைத்துவிட்டுப் போடுங்கள். வெறும் கரியாகப் போட்டால் செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தை அது முதலில் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணில் பத்தில் ஒரு பங்கு போதும். கடையில் விற்கும் பார்பிக்யூ கரிக்கட்டிகள் வேண்டாம், அவற்றில் ஒட்டுப்பொருள் கலந்திருக்கும்.