கேள்வி – பதில்: இருட்டிலும் எண்ணும் உணரி

கேள்வி: 5 × 5 சென்ரிமீற்றர், 1 சென்ரிமீற்றர் தடிப்பான மினுக்குப் பிளாஸ்ரிக்கில் (துகள் பாய்ந்தால் மின்னும் பிளாஸ்ரிக்) 6 மில்லிமீற்றர் சிலிக்கன் ஒளிப்பெருக்கி (நுண்கலங்களாலான ஒளி உணரி) ஒன்றை ஒட்டி, அண்டக்கதிரால் வளிமண்டலத்தில் பிறந்து இறங்கும் துகளான மியூவோனை எண்ணுகிறோம். இரவில் எண்ணிக்கை ஒழுங்கு. மத்தியானம் பல மடங்கு ஏறுகிறது. பகலில் அண்டக்கதிர் கூடுமா?
– உயர்தர மாணவர்கள், கொக்குவில்

பதில்: கூடாது. கடல்மட்டத்தில் சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவோன். உங்கள் தகட்டுக்கு 25. சுவரிலிருந்து வரும் காமாக் கதிரும் சேர்வதால் தனித்தகடு இதைவிடக் கூடுதலாக எண்ணும். ஆனால் இரவு பகலென்று மடங்குக் கணக்கில் மாறாது.

வெக்கையைக் குற்றம் சொல்ல முன் கணக்கைப் பாருங்கள். இந்த உணரி முழு இருட்டிலும் செக்கனுக்குப் பத்து இலட்சம் தடவை வரை துடிக்கும். 8 முதல் 10 பாகை ஏறினால் அது இரட்டிக்கும். ஆனால் அவை பெரும்பாலும் ஒற்றைக் கலத்தின் துடிப்புகள். மியூவோனோ தகட்டில் 20,000 அளவில் போட்டோன்களைக் கிளப்பி, உணரியில் பத்துக் கணக்கான கலங்களை ஒன்றாகச் சுடவைக்கும். எல்லை மட்டத்தை, அதாவது எண்ணப்பட வேண்டிய ஆகச் சிறிய துடிப்பை, பத்துக் கலத் துடிப்பளவில் வைத்தால் இருட்டுத் துடிப்பு எட்டியும் பார்க்காது. தவிர, கலங்கள் சுடத் தொடங்கும் உடைவு வோல்ற்றளவு 25 அளவில் உள்ள வகையில், கொடுக்கும் வோல்ற்றளவு மாறாதிருக்க, ஒவ்வொரு பாகைக்கும் உடைவு வோல்ற்றளவு 21 மில்லிவோல்ற் ஏறுவதால், சூட்டில் துடிப்பு சிறுக்கத்தான் செய்யும். எல்லை சரியாக இருந்தால் வெக்கை எண்ணிக்கையைக் குறைக்கும், கூட்டாது.

ஆகவே வெளிச்சம் கசிகிறது. உணரிக்கு மின் தரும் வழியில் 10 கிலோ ஓம் தடையொன்றைத் தொடராக வைத்து, அதன் குறுக்கே மல்ரிமீற்றரைப் பிடியுங்கள். 10 மில்லிவோல்ற் என்றால் 1 மைக்ரோ அம்பியர். இருட்டறையில் சில மைக்ரோ அம்பியருக்குள் நிற்க வேண்டும். பிறகு தொலைபேசி ரோச்சை மூலை மூலையாக, வயர் வெளிவரும் துளை வரை நகர்த்துங்கள். வாசிப்பு எங்கே துள்ளுகிறதோ அங்கேதான் ஓட்டை. அநேகமாக மூலைகளில் இருக்கும்: கறுப்பு இன்சுலேசன் ரேப்பின் பசை தகரக் கூரையின் கீழ் இளகி, மடிப்பு மெல்ல விலகும். இரண்டு சுற்றுப் போட்டு, மடிப்பை ஒன்றுக்கொன்று எதிராக மாற்றி, முழுவதையும் மூடியுள்ள உலோகப் பெட்டிக்குள் வையுங்கள்.

கேள்வி: பிளாஸ்ரிக்கையும் உணரியையும் எதனால் ஒட்டுவது? சுப்பர் குளூ போதுமா?
– ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: வேண்டாம். அதன் ஆவி பிளாஸ்ரிக்கில் நுண்வெடிப்புகளை உண்டாக்கலாம். அசற்றோனும் தின்னரும் அதைவிட மோசம். விரல் எண்ணெய் கூட நாளடைவில் மேற்பரப்பைக் கெடுக்கும், கையுறை போடுங்கள். நடுவில் காற்று நின்றால் 39 பாகைக்கு மேல் சரிந்து வரும் ஒளி முழுவுட்தெறிப்பால் திரும்பிவிடும். நிறமில்லாத சிலிக்கோன் கிறீசை நடுவில் ஒரு பொட்டு வைத்து மெல்ல அழுத்துங்கள். குமிழ் ஓரத்தால் வெளியேற வேண்டும். மற்றப் பக்கங்களுக்குத் தண்ணீர்க் குழாய் மூட்டில் சுற்றும் வெள்ளை ரெப்லோன் ரேப் நான்கைந்து சுற்று, மேலே அலுமினியத் தாள். தாள் உணரியின் கால்களில் முட்டினால் குறுஞ்சுற்றுத்தான்.

கேள்வி: குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் இரைச்சல் குறையாதா?
– பருத்தித்துறை

பதில்: குறையும். ஆனால் மாரிக் காற்றில் வெளியே எடுத்தவுடன் பலகை வியர்க்கும். ஈரம் வழியே கசியும் மின்னோட்டத்தை இருட்டு மின்னோட்டமென்று எண்ணி ஏமாறுவீர்கள். சிலிக்கா ஜெல்லோடு பையில் கட்டி வையுங்கள், அறை வெப்பநிலைக்கு வரும்வரை திறக்க வேண்டாம். இதைவிட மலிவான வழி, இன்னொரு தகடு. மியூவோன் இரண்டையும் ஒரே நேரத்தில் ஊடுருவும், இரைச்சல் அப்படிச் சேராது. இரைச்சலோடு செக்கனுக்கு 100 தடவை துடிக்கும் இரு தகடுகளை 1 மைக்ரோசெக்கன் சாளரத்தில் பொருத்தினால், தற்செயலாகச் சேர்வது நிமிடத்துக்கு ஒன்றளவில்தான்.

கேள்வி: சிலிக்கன் இவ்வளவு நல்லதென்றால் யப்பானின் நிலத்தடி நியூத்திரினோ ஆய்வுக் கருவியான சுப்பர் கமியோகண்டே ஏன் இன்னும் கண்ணாடிக் குழாயோடு (ஒளியை இலத்திரன்களாக்கிப் பெருக்கும் குழாய்) நிற்கிறது?
– நல்லூர்

பதில்: பரப்புத்தான் காரணம். அங்குள்ள 11,000-க்கு மேற்பட்ட குழாய்கள் ஒவ்வொன்றும் 50 சென்ரிமீற்றர் விட்டம். ஒரு குழாயின் இருட்டுத் துடிப்பு செக்கனுக்குச் சில ஆயிரம். அதே பரப்பைச் சிலிக்கனால் மூடினால் அறை வெப்பநிலையில் பல நூறு கோடி. கண்ணாடிக்கும் வில்லங்கம் உண்டு: 2001 நவம்பர் 12-இல் தண்ணீருக்குள் ஒரு குழாய் உள்நோக்கி நொறுங்க, அதிர்ச்சி அலை தொடர்ந்து ஏறத்தாழ 7,000 குழாய்களை உடைத்தது. பின்னர் ஒவ்வொன்றுக்கும் அக்கிரிலிக், நாரிழைக் கவசம் போட்டார்கள். காந்தப் புலத்துக்குள் மட்டும் குழாய் தோற்கும், இலத்திரன்கள் வழி மாறிவிடும். யப்பானின் ரி2கே நியூத்திரினோ பரிசோதனையில், கற்றை புறப்படும் இடத்துக்கு அருகிலுள்ள கருவியில், காந்தத்துக்குள், 50,000-க்கு மேற்பட்ட சிலிக்கன் உணரிகள் இருப்பது அதனால்தான்.