ஹூபர் எப்போது ஹூவர் ஆனார்?

அன்புள்ள ஐயா,

அமெரிக்க அதிபர் ஹெர்பர்ட் ஹூவரின் முன்னோர் சுவிட்சர்லாந்துக்காரர் என்று எழுதியிருந்தீர்கள். 1738-ல் பிலடெல்பியாவில் இறங்கிய ஆந்திரேயாஸ் ஹூபர், ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதியில் பிறந்தவர் என்று படித்தேன். அந்தக் காலத்துக் கப்பல் பட்டியல்களிலும் எல்லோரும் ‘பாலட்டின்’, அதாவது பாலட்டினேட்டுக்காரர், என்றே இருக்கிறது. எது சரி? ஹூபரை ஹூவர் ஆக்கியது துறைமுகக் குமாஸ்தாவா?

ஆர்.கே.

அன்புள்ள ஆர்.கே.,

இரண்டும் சரிதான். ஆந்திரேயாஸ் பிறந்த ஊர் பாலட்டினேட்டின் எல்லர்ஸ்டாட். குடும்பத்தின் பூர்வீகம், இன்றைய சுவிஸ் ஆர்காவ் மாநிலத்து ஓபர்குல்ம். நடுவில் இருந்த ஊரை நான் விட்டுவிட்டேன். பிழை என்னுடையது.

முப்பதாண்டுப் போர் 1648-ல் முடிந்தபோது, பாலட்டினேட் இருக்கும் ரைன் ஆற்றங்கரையில் உழுவதற்கு ஆளில்லை. மலைநாட்டிலோ நிலம் போதவில்லை. சுவிஸ் குடும்பங்கள் ஆற்றோடு கீழே இறங்கின. குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்த அனபாப்டிஸ்டுகளுக்கு இறங்குவதைத் தவிர வேறு வழியே இல்லை. 1671-ல் மட்டும் சுவிஸ் மாநிலமான பெர்னின் அரசு சுமார் 700 பேரைத் துரத்தியது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் ராட்டர்டாமில் கப்பல் ஏறினார்கள். பென்சில்வேனியா குமாஸ்தாவுக்கு, ஜெர்மன் பேசி வந்து இறங்கியவர் எல்லோரும் ‘பாலட்டின்’.

குமாஸ்தா கதையை நான் நம்பவில்லை. 1727 முதல், 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள்களின் நகல்களைப் பாருங்கள். கப்பல் தலைவனின் பட்டியலில் பெயர்கள் காதில் விழுந்தபடி சிதைந்து கிடக்கும். பிரமாணத் தாளிலோ அதே ஆள் தன் பெயரைத் தானே, சாய்ந்த ஜெர்மன் எழுத்தில் அழுத்தி எழுதியிருப்பார். எழுதத் தெரியாதவர் ஒரு சிலுவையையோ தன் பெயரின் முதலெழுத்தையோ கீறியிருப்பார். அந்தக் கீறலைச் சுற்றிக் குமாஸ்தா பெயரை நிரப்பியிருப்பார். அந்தப் பக்கங்களை என்னால் வேகமாகப் புரட்ட முடிவதில்லை.

பெயர் மாறியது பிறகு, பத்திரத்திலும் வரிக்கணக்கிலும் ஆங்கிலம் பேசும் அக்கம்பக்கத்தார் வாயிலும். ஹூபர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பாலட்டினேட்டுப் பேச்சில் இரண்டு உயிரொலிக்கு நடுவே வரும் ‘ப’ இளகி ‘வ’ ஆகும். வீட்டிலேயே ‘ஹூவர்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆங்கிலேயர் கேட்டதை எழுதினார். ஸிம்மர்மன் அப்படியல்ல. தச்சர் என்ற பொருளை மொழிபெயர்த்து கார்ப்பென்டர் ஆனார்கள்.

நீங்கள் மேலும் தேடுவதாக இருந்தால் பாலட்டினேட்டுத் தேவாலயத் திருமணப் பதிவுகளைப் பாருங்கள். மணமகன் எந்த சுவிஸ் கிராமத்துக்காரர் என்று சில இடங்களில் ஒரு வரி இருக்கும். பெண்களுக்கு அதுதான் பெரும்பாலும் ஒரே தடயம். பிரமாணத் தாளில் மனைவி பெயரோ மகள் பெயரோ இல்லை.

கட்டுரையில் எல்லர்ஸ்டாட்டைச் சேர்த்துவிட்டேன்.