எங்கே நடந்தாலும் நடைதானா?

கேள்வி: சர்க்கரை நோய்க்காக வீட்டிலேயே டிரெட்மில்லில் தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். அரியமான் கடற்கரையில் நடந்தால் மனத்துக்கும் நல்லது என்று என் மதினி வற்புறுத்துகிறார். எங்கே நடந்தாலும் நடைதானே? முழங்கால் வலியும் உண்டு.
- உச்சிப்புளி வாசகி

பதில்: சர்க்கரையையும் இதயத்தையும் பொறுத்தவரை நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. வேகமும் நேரமும் ஒன்றாக இருந்தால், பலனில் பெரிய வேறுபாடு இராது. மனத்தின் கணக்குதான் வேறு. 2015இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில், மரங்களும் புல்வெளியும் உள்ள இடத்தில் 90 நிமிடம் நடந்தவர்களிடம் ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அசைபோடும் போக்கு குறைந்தது. அதோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயல்பாடும் தணிந்தது. வாகன நெரிசல் மிகுந்த சாலையோரம் நடந்தவர்களிடம் இந்த மாற்றம் காணப்படவில்லை. பிரிட்டனில் நடந்த 10 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தபோது, இயற்கைச் சூழலில் ஐந்து நிமிடப் பயிற்சிகூட மனநிலையை உயர்த்துவதும், அருகில் நீர்நிலை இருந்தால் பலன் கூடுவதும் தெரிந்தன.

இதற்கு உளவியலாளர்கள் ரேச்சல் கப்லானும் ஸ்டீபன் கப்லானும் கூறிய விளக்கம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. கணக்குப் பார்ப்பது, சாலையைக் கடப்பது போன்ற வேலைகளில் நாம் முயன்று செலுத்தும் கவனம் களைத்துப்போகிறது. கடல் அலையும், சவுக்குத் தோப்பில் வீசும் காற்றும் முயற்சியின்றியே நம் கவனத்தை ஈர்ப்பதால், களைத்த அந்தக் கவனத்துக்கு ஓய்வு கிடைக்கிறது. கைபேசியைப் பார்த்துக்கொண்டே கடற்கரையில் நடப்பவர் இந்தப் பலனை இழந்துவிடுவார் என்பதே என் கருத்து. உடன் நடக்கும் மதினியின் பேச்சும் மருந்துதான்; அவரையும் அழைத்துச் செல்லுங்கள். கடற்கரைக்குச் செல்ல முடியாத நாளில் கண்மாய்க் கரை போதும்.

உங்கள் முழங்காலுக்காக ஓர் எச்சரிக்கை அவசியம். கெட்டியான தரையில் நடப்பதைவிட மணலில் அதே வேகத்தில் நடக்க 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவாகும் என்று 1998இல் வெளியான ஓர் ஆய்வு அளந்திருக்கிறது. ஆகவே முதலில் பத்து நிமிடம், அதுவும் நீரோரத்து ஈர மணலில், மெதுவாக நடந்து பழகுங்கள். சரிவான இடத்தில் ஒரு காலுக்கே சுமை கூடுமென்பதால், சமமான பகுதியைத் தேர்ந்தெடுங்கள். நம் கடலோரத்தின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் உலராது. வெயில் ஏறுமுன் முடித்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம்; சிப்பி ஓடோ தூண்டில் முள்ளோ குத்தினாலும் தெரியாமல் போகும். வீடு திரும்பியதும் விரலிடுக்குகள் உட்பட இரு பாதங்களையும் பாருங்கள். சிறு காயம் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.