லாப்ரடார் குட்டியின் வயிற்றில் நீர்: பிறவி வால்வுக் குறையா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டோங்காட் பக்கம் கரும்பு போட்டிருக்கிறேன், ஆடுமாடும் உண்டு. காவலுக்கு வளர்க்கும் லாப்ரடார் நாய் ஈன்ற குட்டிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். இப்போது அதற்கு ஏழு மாதம். வயிறு மெல்ல மெல்ல உப்புகிறது, கொஞ்சம் ஓடினாலே படுத்துவிடுகிறது. பூச்சி மருந்துக்கும் குறையவில்லை. இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்பதாக மருத்துவர் சொல்கிறார். ஆட்டுக்கு வரும் ஹார்ட்வாட்டர் இதற்கும் வந்துவிட்டதா? மாடுகளுக்கும் வால்வுக் குறை உண்டா? தாயை மறுபடி இணை சேர்க்கலாமா?

பதில்: ஐயா, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். குட்டிக்கு எக்கோ (இதயத்தை ஒலியலையால் படம் பிடிக்கும்) பரிசோதனை நடந்து விவரம் தெரியும்வரை தாயை இணை சேர்க்காதீர்கள். (லாப்ரடாரைக் காவலுக்கு வைத்திருப்பது உங்கள் துணிச்சல், அது திருடனுக்கும் வாலாட்டும்.)

இது ஹார்ட்வாட்டர் போல் தெரியவில்லை. அது உண்ணியால் பரவி ஆடு, மாடு, செம்மறிகளைத் தாக்கும் நோய். கடும் காய்ச்சலோடு வந்து சில நாள்களில் உயிரைக் குடித்துவிடும். மெல்ல உப்பும் வயிறு அதன் போக்கே அல்ல.

லாப்ரடார், இளம் வயது, வயிற்றில் நீர் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் என் சந்தேகம் இதயத்தின் வலப்பக்கத்து மூவிதழ் வால்வின் மீதுதான் விழும். கருவில் அதன் இதழ்கள் சரியாகப் பிரியாமல் நடுச்சுவரோடு ஒட்டிப்போயிருக்கும். சரியாக மூடாத மதகில் தண்ணீர் திரும்புவதுபோல், ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் மேலறைக்கே திரும்பும். சிரைகளில் அழுத்தம் ஏறும், கல்லீரல் பெருக்கும், வயிற்றில் நீர் கோக்கும்.

ஒலி எந்தப் பக்கம் உரக்கக் கேட்டது என்று மருத்துவரிடம் கேளுங்கள். வலப்பக்கம் என்றால் என் சந்தேகம் வலுக்கும். இடப்பக்கம் மேலே என்றால் நுரையீரல் தமனி வால்வு குறுகியிருக்கலாம். அதைப் பலூன் செலுத்தி விரிக்க வழியுண்டு. ஒலியின் உரத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். ஆனால் மூவிதழ் வால்வு மிக மோசமாகத் திறந்தே கிடந்தால் ஒலி மெலிந்தும் போகும். ஆகவே காதை மட்டும் நம்ப வேண்டாம். இரத்தம் ஓடும் திசையையும் வேகத்தையும் காட்டும் டாப்ளர் வசதியுள்ள எக்கோதான் தீர்ப்பு. டர்பனில் முதலில் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் பிரிட்டோரியாவுக்கு அருகே ஆண்டர்ஸ்டபூர்ட்டில் உள்ள கால்நடை மருத்துவப் பீடம் இருக்கிறது.

அதற்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை அவசியம். கொக்கிப்புழுவாலோ, உண்ணியால் நாய்க்கு வரும் பிலியரி நோயாலோ சோகை பிடித்தாலும் இதயத்தில் ஒலி கேட்கும். இரத்தத்தில் புரதம் குறைந்தாலும் வயிறு உப்பும். ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அன்றே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பிலியரி மறுநாள்வரை பொறுக்காது.

வால்வுக் குறைதான் என்று உறுதியானால், மருந்தால் வால்வு சீராகாது, நீரைத்தான் கட்டுப்படுத்தலாம். நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு, இதயத் துடிப்பை வலுப்படுத்தும் பிமோபெண்டன் போன்றவற்றை எடை பார்த்து மருத்துவர் எழுதித் தருவார். வீட்டில் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் நீர் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். உப்பு மிகுந்த கருவாடு, பில்டாங் என்னும் உலர் இறைச்சி, ஊறுகாய் கலந்த மிச்சச் சோறு எல்லாம் நிற்கட்டும். வயிற்றின் சுற்றளவை ஒரே இடத்தில் நாடாவால் அளந்து குறித்து வையுங்கள். கூடினால் உடனே சொல்ல வேண்டும். குறை லேசாக இருந்தால் பல ஆண்டு வாழும் நாய்களும் உண்டு. ஆனால் இவ்வளவு சிறு வயதிலேயே நீர் கோத்திருப்பது நல்ல குறி அல்ல.

மாடுகளைப் பொறுத்தவரை, கன்றுகளில் கீழறைச் சுவரில் ஓட்டைதான் அதிகம் காணப்படும் பிறவிக் குறை. வளர்ந்த மாட்டின் கழுத்துச் சிரை புடைத்து, முன்மார்பும் வீங்கினால், தீவனத்தோடு விழுங்கி இதயம்வரை குத்திய கம்பியையோ கிருமி பிடித்த வால்வையோ சந்தேகியுங்கள்.

லாப்ரடார்களில் இந்தக் குறை பரம்பரையாக வருவது. தாயோ தகப்பனோ ஓடியாடித் திரிந்துகொண்டே அதைக் குட்டிக்குக் கடத்தலாம். குறை உறுதியானால் இரண்டையும் இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிவிடுங்கள். மற்றக் குட்டிகளை வாங்கிப் போனவர்களுக்கு இப்போதே சொல்லி, அவற்றின் இதயத்தையும் சோதிக்கச் செய்யுங்கள்.